அல்கோன்குயின் காட்டில் இரண்டு இரவு: முதன்முறை கனூவில் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஓடினால் அல்கோன்குயின் பூங்காவின் மேற்கு வாசல் வந்துவிடும். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் நம் சனம் நிறையப் போகும் இடம். ஆனால் பெரும்பாலும் 60ஆம் நெடுஞ்சாலையோடு நின்றுவிடுகிறோம். ஒரு சின்ன நடை, மேப்பிள் மரத்தடியில் நாலு படம், பார்பிக்யூ, பிறகு வீடு. அந்த நெடுஞ்சாலை பூங்காவுக்குள் ஓடுவது 56 கிலோமீட்டர்தான். பூங்காவின் பரப்போ 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். மிச்சமெல்லாம் ஏரியும் காடும். அங்கே கார் போகாது; துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய வள்ளமான கனூ போகும்.

அந்த மிச்சத்துக்குள் முதன்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாமான் பட்டியல் எங்கும் கிடைக்கும் என்பதால் அதில் அதிகம் நிற்கப் போவதில்லை. இந்தப் பயணம் மனதுக்குத் தருவதை முழுமையாகப் பெற்றுக்கொள்ள வேண்டுமென்றால் திட்டத்தை எப்படிப் போடவேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். ஒரே காட்டுக்குப் போய் ஒருவர் முகம் தெளிந்து வருகிறார், இன்னொருவர் களைத்து மட்டும் வருகிறார். நான் பார்த்தவரையில், களைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறிய தூரத்தைத் திட்டத்தில் போட்டவர்கள்.

திகதி குறிப்பது

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈக்களின் காலம். காதுக்குப் பின்னாலும் தலைமயிர் ஓரத்திலும் கடித்து இரத்தம் வரவைக்கும். ஜூலையில் நுளம்பு. ஈயை அடித்துக்கொண்டு எந்த அமைதியையும் அனுபவிக்க முடியாது. இன்னொரு முக்கிய காரணமும் உண்டு. ஏரிகளில் பனிக்கட்டி உருகுவதே ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில்தான். அதற்குப் பிறகும் பல வாரங்களுக்குத் தண்ணீர் உயிராபத்தான குளிரில் இருக்கும். கனூ கவிழ்ந்தால் சில நிமிடங்களிலேயே கையும் காலும் விறைத்துவிடும்.

முதற்பயணத்துக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி குறைந்திருக்கும், தண்ணீரில் கோடையின் சூடு மிச்சமிருக்கும், இரவு நித்திரைக்கு இதமான குளிர் இருக்கும். மேப்பிள் இலைகள் முழுச் சிவப்பாவது செப்டம்பர் கடைசியில். அழகுதான், ஆனால் அப்போது இரவில் பூச்சியத்துக்குக் கீழேயும் போகக்கூடும். அதை அடுத்த வருடத்துக்கு விடுங்கள்.

வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதி தலைக்கு மேல் தெளிவாகத் தெரியும். காற்றில்லாத இரவென்றால் ஏரிக்குள்ளும் நட்சத்திரம் தெரியும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்படி ஒரு வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

யாரோடு போவது

கார் போகாத உள்காட்டில் ஒரு முகாமிடத்தில் ஒன்பது பேர் வரை தங்கலாம் என்பது பூங்காவின் விதி. முதல்முறை நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்பது பேர் சேர்ந்தால் அது ஒரு கொண்டாட்டம்; அதற்கு நெடுஞ்சாலையோர முகாம்களே போதும்.

நாலு பேரில் ஒருவருக்காவது கனூ பழக்கம் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால், கனூ வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் வழிகாட்டியோடு போகும் பயணங்களும் உண்டு. காசு கூடத்தான், ஆனால் முதற்தடவைக்கு அது நல்ல செலவு. ஒருவரைக் கூப்பிட முதல், இவரோடு ஒரு மணித்தியாலம் எதுவும் கதைக்காமல் பக்கத்தில் இருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியுமென்றால் அவர்தான் ஆள்.

பாதை: ஒரு ஏரி, இரண்டு இரவு

பூங்காவுக்குள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கனூப் பாதைகள் இருக்கின்றன. வரைபடத்தை விரித்தால் ஆசை வரும், இந்த ஏரியிலிருந்து அந்த ஏரி, அங்கிருந்து இன்னொன்று என்று. அந்த ஆசையை அடக்குங்கள்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது கனூ லேக்கில் தொடங்கும் பாதை. நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே வண்டியை விட்டு, அனுமதிச்சீட்டை எடுத்து, கனூவை வாடகைக்கு எடுத்துத் தண்ணீரில் இறக்கலாம். ஏரியின் வடக்கு முனை வரை வலித்துப் போனால் ஒரு சிறிய அணை வரும். அங்கே 295 மீட்டர் தூரம் கனூவைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஜோ லேக். அங்கிருந்து தண்ணீர் வழியாகவே டீப்பி லேக் வரைக்கும் போகலாம். இந்த இரண்டில் ஒன்றில் இரண்டு இரவுக்கும் பதியுங்கள்.

போகிற வழியில் கனூ லேக்கின் ஒரு மேட்டில் ரொம் தொம்சனுக்காக 1930இல் கட்டிய கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. கனடாவின் மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவர். இந்தக் காட்டையே வரைந்து வரைந்து, 1917 ஜூலையில் இதே ஏரியில் இறந்துபோனார். எப்படி இறந்தார் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. கரை ஒதுக்கி ஏறிப் பாருங்கள். அவர் ஓவியங்களை முதலில் பார்த்துவிட்டுப் போனால், காற்றில் சாய்ந்த பைன் மரமும் குளிர்ந்த நீல மலையும் வேறுமாதிரித் தெரியும்.

சரி, ஏன் ஒரே இடத்தில் இரண்டு இரவு? முதல்நாள் முழுக்க வாகன ஓட்டம், வாடகைக் கடை, துடுப்பு வலிப்பு, கூடாரம் அடிப்பு. உடம்பு காட்டில் இருந்தாலும் மனம் இன்னும் வேலைக் கணக்கில் இருக்கும். இரண்டாம் நாளும் காலையில் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால், மூன்று நாளும் மூட்டை கட்டுவதிலேயே முடிந்துவிடும். எந்த வேலையும் இல்லாத ஒரு முழு நாள் நடுவில் கிடக்க வேண்டும். பலன் அந்த நாளில்தான் கிடைக்கிறது.

இன்னொன்று: பதிவு ஏரிக்குத்தான், குறிப்பிட்ட முகாமிடத்துக்கு இல்லை. முதலில் வருகிறவருக்கு நல்ல இடம். கரையோர மரங்களில் செம்மஞ்சள் நிற அடையாளம் இருக்கும். மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தால் மேற்கு நோக்கிய பாறையுள்ள இடமாகப் பார்த்துப் பிடிக்கலாம்.

தண்ணீரில் இறங்க முதல்

நம்மில் நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது. அதனால் போகவே கூடாது என்றில்லை. ஆனால் உயிர்காப்பு அங்கியைக் கரையிலிருந்து கரை வரை கழற்றக் கூடாது. ஆளுக்கொன்று வள்ளத்தில் இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். அதை உடம்பில் போட்டிருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு. 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, ஊதல் ஆகியவையும் கட்டாயம். வாடகைக் கடையில் பொதுவாகச் சேர்த்தே தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

போவதற்கு முந்திய வார இறுதியில் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஏரியொன்றில் இரண்டு மணித்தியாலம் வலித்துப் பாருங்கள். பின்னால் இருப்பவர் திசையைப் பார்ப்பவர், முன்னால் இருப்பவர் வேகத்தைத் தருபவர். கணவன் மனைவிக்குள் சண்டை வருவதும் இங்கேதான்! பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பை மெல்ல வெளிப்பக்கம் தள்ளிவிட்டால் கனூ நேராகப் போகும். அதை உள்ளூர் ஏரியிலேயே பழகிவிட்டால், காட்டுக்குள் போய் ஆளையாள் திட்ட வேண்டியிராது.

ஏரியில் காற்று பொதுவாக மத்தியானத்துக்குப் பிறகு எழும்பும். எனவே காலையிலேயே வெளிக்கிடுங்கள், கரையை ஒட்டிப் போங்கள், இடி கேட்டால் உடனே கரையேறுங்கள்.

உள்ளே கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். செய்மதி மூலம் செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் இருந்தால் வீட்டிலுள்ள அம்மாவுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு தொலைபேசியை அணைத்து, நீர்புகாத பைக்குள் அடியில் போடலாம்.

சாப்பாடு

உள்காட்டுக்குள் தகரப் பேணியும் போத்தலும் கொண்டுபோகத் தடை. மீன் ரின், சோடா எதுவும் ஆகாது. நமக்கு இது பெரிய தொல்லையே இல்லை. மைசூர்ப் பருப்பு விரைவாக அவியும், ரவையை வீட்டிலேயே வறுத்துத் தாளித்துப் பையில் போட்டால் கொதிதண்ணீர் மட்டும் போதும், இடிசம்பல் நாட்கணக்கில் கெடாது, தேங்காய்ப்பால் மா ஒரு பக்கெற். ஒரு சட்டி சோறும் பருப்பும் சம்பலும், பாறையில் இருந்து, கையால். கருவாட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த வாசம் உங்களை விடக் கரடிக்குத்தான் பிடிக்கும்.

கரடியைப் பற்றிய பயத்தை ஒழுங்கால் தீர்க்கலாம். சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம், மணக்கிற எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பையிலோ பீப்பாயிலோ போட்டு, கூடாரத்திலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து நாலு மீட்டர் உயரத்தில், அடிமரத்துக்கு எட்டாமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். இருட்ட முதல் செய்யுங்கள். இதைச் சரியாகச் செய்தவருக்கு இரவில் பாதிப் பயம் போய்விடும்.

குடிக்கும் தண்ணீரை ஏரியிலிருந்து எடுத்து வடிகட்டுங்கள், அல்லது ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஏரி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. அடுப்புக்கு ஏற்கெனவே உள்ள தீக்குழியை மட்டும் பாவியுங்கள், நிலத்தில் விழுந்து காய்ந்த விறகை மட்டும் எடுங்கள். தீத்தடை இருக்கிறதா என்று போகிற அன்று வாசலில் கேளுங்கள்.

தூக்கிக்கொண்டு நடப்பது

ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் கனூவைத் தூக்கி நடப்பதைப் போர்ட்டேஜ் என்பார்கள். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். கெவ்லார் என்ற இலேசான செயற்கை நாரால் செய்த கனூ ஏறத்தாழ 20 கிலோ. நடுக்கட்டையைத் தோளில் வைத்து, கவிழ்த்த வள்ளத்துக்குள் தலையை விட்டு நடக்க வேண்டும்.

தூக்கியதும் காடு மறைந்துவிடும். தெரிவது காலடியில் இரண்டு மூன்று அடி நிலம் மட்டும்: ஒரு வேர், ஈரக்கல், பாசி, சேற்றில் முன்னே போனவரின் சப்பாத்துத் தடம். கனூவுக்குள் உங்கள் மூச்சே திரும்ப வந்து காதில் கேட்கும். அந்த நேரத்தில் வங்கிக் கடனும் மேலதிகாரியும் நினைவுக்கு வரமாட்டார்கள்; அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் இருக்கும். தியான வகுப்புகளில் மாதக்கணக்காக இருந்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று, முதன்முதலில் இந்தச் சுமைக்குக் கீழேதான் பிடிபட்டது. அதனால் போர்ட்டேஜை ஒரு தொல்லையாக ஓடிக் கடக்காதீர்கள். முதல் நடையில் மூட்டைகள், திரும்பி வெறுங்கையோடு காட்டைப் பார்த்தபடி ஒரு நடை, பிறகு கனூ. 295 மீட்டர்தானே, அவசரமில்லை.

முதல் மாலை

கூடாரம் அடித்து, சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டு, தேத்தண்ணி வைத்தாயிற்று. இப்போது ஒரு விசித்திரமான அந்தரம் வரும். கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று மனம் கேட்கும். சிலருக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வரும், சிலர் விறகு அடுக்குவதை நிறுத்தவே மாட்டார்கள்.

இது எல்லாருக்கும் வருவது. இடத்தைப் பிழையாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். பாட்டுப்பெட்டியால் அதை நிரப்பாமல் விடுங்கள். தண்ணீரில் சத்தம் நெடுந்தூரம் போகும்; எதிர்க்கரையில் இருப்பவரின் அமைதியையும் கெடுத்துவிடுவோம். சின்ன வேலைகளை மெதுவாகச் செய்யுங்கள். வெங்காயம் வெட்டுங்கள், சட்டி கழுவுங்கள், சவர்க்காரத் தண்ணீரை ஏரியிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய் ஊற்றுங்கள். இருட்டும்போது அந்தரம் தானாக இறங்கிவிடும்.

இரவு

காட்டில் இரவு மௌனமாக இருக்காது. காய்ந்த இலையில் ஓடும் ஒரு எலிகூட, மான் ஓடுகிற அளவுக்குச் சத்தம் போடும். நீர்நாய் போன்ற பீவர், வாலால் தண்ணீரில் அடித்தால் யாரோ பாறையைத் தூக்கிப் போட்டது போலிருக்கும். லூன் என்ற நீர்ப்பறவை நடுச்சாமத்தில் நீட்டி அழைக்கும், தூரத்து ஏரியிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். கனடாவின் ஒரு டொலர்க் காசில் இருக்கும் பறவைதான். முதன்முறை கேட்கிறவருக்கு உடம்பு சிலிர்க்கும். ஓநாய் கேட்டால் அது பெரிய கொடுப்பினை.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குக் காடும் இரவும் சேர்ந்தால் வேறு நினைவுகள் வரும். வன்னியில் தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்காகப் படுத்தவர்களுக்கு, கூடாரத்தில் மழை விழும் சத்தம் இதமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியானவர்களை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வர விரும்பினால் முதலில் நெடுஞ்சாலையோர முகாமில், வண்டி பக்கத்தில் நிற்க, ஒரு இரவு தங்கிப் பார்க்கட்டும். எங்களோடு வந்த ஒரு சித்தப்பா முதல் இரவு கூடாரத்துக்குள் வரவே மாட்டேன் என்றுவிட்டார். தீக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். நாங்களும் மாறி மாறி அவரோடு இருந்தோம், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இரவு, தானாகவே, தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து நடந்த வழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவருடைய மகனுக்கே அதுவரை தெரியாத கதை. அன்றிரவு கூடாரத்துக்குள் படுத்து விடியும்வரை நித்திரை கொண்டார்.

இது எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். காடு வைத்தியம் செய்யாது. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருந்தையும் கொண்டுபோக வேண்டும், வைத்தியரிடமும் கேட்க வேண்டும். ஆனால் வீட்டு வரவேற்பறையில் வராத கதை தீக்குப் பக்கத்தில் வரும். முகத்தைப் பார்க்காமல் தீயைப் பார்த்தபடி சொல்லலாம், சொல்லி முடித்த பிறகு யாரும் எழும்பிப் போக இடமில்லை. கேட்பவர் செய்ய வேண்டியது, புத்திமதி சொல்லாமல் விறகு போடுவது.

இரண்டாம் நாள் விடியல்

இந்த ஒன்றுக்காகவாவது ஒருவர் மட்டும் வெள்ளென எழும்ப வேண்டும். சூரியன் வர அரை மணித்தியாலம் இருக்கும்போது தண்ணீர் காற்றை விடச் சூடாக இருக்கும். அதனால் ஏரி முழுக்கப் புகை எழும்பும். கரையில் கம்பளிச் சட்டையோடு இருங்கள். கனூ பழகியவர் என்றால் அங்கியைப் போட்டுக்கொண்டு கரையை ஒட்டிக் கொஞ்சத் தூரம் தனியாகப் போகலாம். துடுப்பைத் தண்ணீரிலிருந்து முழுக்க எடுக்காமல், பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுவந்தால் சொட்டுச் சத்தமும் இராது.

கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள். தேவாரம் தெரிந்தவர்கள் மெல்லிய குரலில் பாடுங்கள். ஒன்றிலும் நம்பிக்கையில்லாதவர்கள் சும்மா இருங்கள். என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இந்தப் பாறை நூறு கோடி வருடத்துக்கு மேல் பழையது. அதன்மேல் இருந்து பார்க்கும்போது, சிலருக்கு நெஞ்சில் இருந்த ஒரு பாரம் குறைகிறது. சிலருக்குக் கண்ணீர் வருகிறது, காரணம் தெரிவதில்லை. சிலருக்குப் பசி மட்டும் வருகிறது. மூன்றும் நல்லதுதான்.

அன்று பகலுக்குத் திட்டம் வேண்டாம். நீந்துங்கள், நித்திரை கொள்ளுங்கள், ஒரு மரத்தடியில் படுங்கள். பிள்ளைகள் வந்திருந்தால் சலிக்கிறது என்பார்கள். ஒரு மணித்தியாலம் பொறுங்கள், பிறகு தவளையோடும் கல்லோடும் தாங்களே ஏதாவது கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

யாருடைய நிலம்

இந்தப் பூங்காவை ஒன்ராறியோ அரசு 1893இல் அமைத்தது. அதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பிருந்தே இது அல்கோன்குயின் மக்களின் நிலம். அவர்களின் நில உரிமைக் கோரிக்கை இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. நாம் வாடகைக்கு எடுக்கும் கனூவின் வடிவமே அவர்களைப் போன்ற முதற்குடிகள் தந்தது. பேர்ச் மரப்பட்டை, சீடர் சட்டங்கள், தைக்க ஸ்புரூஸ் வேர், ஓட்டையடைக்கப் பிசின். நிலம் பறிபோவதென்றால் என்ன என்று தெரிந்த நாம், இதை அறிந்துகொண்டு அந்தத் தண்ணீரில் இறங்குவது முறை.

திரும்புவதும், அடுத்ததும்

மூன்றாம் நாள் சாப்பிட்டு, தீயில் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துச் சூடில்லை என்று பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். குப்பை அவ்வளவும் உங்களோடு திரும்பி வர வேண்டும். அன்று மாலையே கலியாண வீடு, பிறந்தநாள் என்று எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தால் அடுத்தநாளும் லீவு எடுங்கள். வாகனத்தில் ஏறியவுடன் தொலைபேசியைத் திறக்காமல் வழியிலுள்ள ஹன்ட்ஸ்வில் நகரம் வரைக்குமாவது அப்படியே வாருங்கள்.

கூடாரத்தை வீட்டில் விரித்து நன்றாகக் காயவிட்டு மடியுங்கள். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உள்காட்டு இடங்களை ஐந்து மாதத்துக்கு முன்பிருந்தே பதியலாம். ஆகஸ்ட் கடைசி வார இறுதிகள் விரைவாக நிரம்பிவிடும். அதனால் மார்ச் கடைசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு முன் கணினிக்கு முன்னால் இருங்கள், ஜோ லேக் கிடைக்காவிட்டால் டீப்பி லேக்கைப் பாருங்கள்.